சும்மா இருக்கும் கட்டங்கள்

என் தாளில் தடித்த கோடு ஒன்று,
அதன் தலையில் ஓர் எண்: 212.
அத்தனை கட்டம் சும்மா இருக்க வேண்டும்.
பிறகு ஒரே ஒரு முறை அடிக்க வேண்டும்,
அதுவும் மெதுவாக.

கருவி என்று சொல்லவே வெட்கம்.
இரண்டு இடத்தில் வளைத்த எஃகுக் கம்பி,
மூன்றாம் மூலையை மூடாமல் விட்டிருக்கிறார்கள்.
மூடினால் ஒலிக்காதாம்.

முகாமுக்குப் பணம் கட்டிய அன்று
அப்பா கணக்குப் போட்டார்:
மூன்று கச்சேரி, மூன்று அடி,
ஆக, அடிக்கு எண்பது யூரோ.
சிரிக்காமல்தான் சொன்னார்.

பத்து நாள்.
ரவைக் கஞ்சி, ஏரி, கொசு, மறுபடி ரவைக் கஞ்சி.
வில்லு தன் செல்லோவைப் படகில் ஏற்றிப் போய்
நடு ஏரியில் வாசித்தான்;
கையில் வில் இருக்க, துடுப்பு மிதந்து போய்விட்டது.
மிர்தெல் எந்நேரமும் வாயில் சீவாளியை வைத்துக்கொண்டு
பேசாமலே சண்டை போட்டாள்.
எல்லோருக்கும் விரல்நுனி காய்த்தது.
நான் மரப்படியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

எண்ணும்போது வேறெதையும் எண்ணக் கூடாது.
அதுதான் கஷ்டம்.

முதல் கச்சேரி, ஊர்க் கலாசார மன்றத்தில்.
ஐம்பதாம் கட்டத்தில் எண்பது யூரோவை எண்ணினேன்.
தொண்ணூற்று மூன்றில்
நீந்திக் கரையேறிய வில்லுவின் நனைந்த சட்டையை.
இருநூற்றுப் பதினொன்றிலேயே அடித்துவிட்டேன்.
யாருக்கும் தெரியவில்லை,
நடத்துநர் ஈங்கெயின் இடது புருவம் ஒன்றைத் தவிர.

இரண்டாவது, தீயணைப்பு நிலையத்தில்.
வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அதன் இடத்தில் எங்களை உட்கார வைத்தார்கள்.
கீழே எண்ணெய்க் கறை, மேலே குழாய்ச் சுருள்கள்.
நூற்று எண்பதில் சைரன்.
மூன்றாம் வரிசையிலிருந்து நான்கு பேர்
மன்னிப்பும் கேட்காமல் எழுந்து ஓடினார்கள்.
ஈங்கெ கையை இறக்கவில்லை, நாங்களும் நிறுத்தவில்லை.
ஆனால் சைரனை எத்தனை கட்டம் என்று எண்ணுவது?
நிறுத்தத்தில் நிற்காத பேருந்து மாதிரி
212 என்னைத் தாண்டிப் போனது.
எரிந்தது வைக்கோல் கட்டுகள்தான் என்று
பிறகு சொன்னார்கள்.
நான் அடிக்காததைப் பற்றி
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

மூன்றாவது, ஹீயுமா தீவில் ஒரு கல் தேவாலயம்.
காற்றால் படகு தாமதம்;
திரும்புவதற்கோ ஒன்பதரைப் படகைவிட்டால் வேறில்லை.
ஈங்கெ பென்சிலை எடுத்து ஒரு பாட்டை அடித்தாள்.
எல்லோரையும் பார்த்து, யாரையும் பார்க்காமல்,
"புரியும்தானே?" என்றாள்.
புரிந்தது.

அன்றுதான் முதல்முறையாக
எதிரே போய் உட்கார்ந்தேன்,
மீன் வாசமடிக்கும் ஒரு கிழவருக்குப் பக்கத்தில்.
இழுக்கும் ஒவ்வொரு வில்லுக்கும்
வில்லு வாயைத் திறந்து திறந்து மூடுவான்,
எனக்குத் தெரியாது.
மேல் சுரத்துக்குப் போகும்போது
மிர்தெலின் ஒரு காது மட்டும் சிவக்கும்,
அதுவும் தெரியாது.
பத்து நாளாக நான் பார்த்தது அவர்கள் முதுகை.
நானில்லாமலே முழுதாக இருந்தார்கள்.
அழுகை வந்தது,
பொறாமையால் என்று நினைத்துக்கொண்டேன்.
கிழவர் என் மடியிலிருந்த கம்பியைக் காட்டி
இது எப்போது என்று சைகையால் கேட்டார்.
தலையாட்டினேன், எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

துறைமுகத்தில் இரவு பதினொன்று.
வடக்கில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது.
அப்பா வேனில் காத்திருந்தார்,
உள்ளே ஈரநாய் வாசம்.
"எத்தனை அடித்தாய்?"
"ஒன்று. அதுவும் தப்பு."

ஒன்றும் பேசவில்லை அவர்.
என் பையைத் துழாவிக் கம்பியை எடுத்து
முன்கண்ணாடித் தண்டில் மாட்டினார்,
சாவிக்கொத்துக்குப் பக்கத்தில்.
வண்டி சரளைச் சாலைக்குத் திரும்பியது.

மூன்றாவது குழியிலேயே
எல்லாக் கணக்கும் தீர்ந்துவிட்டது.
வீடு வரைக்கும் இன்னும் நாற்பது கிலோமீட்டர்.
மேற்கொண்டு நான் எண்ணவில்லை.